தாமோதரன் சார் எடுக்க மறுத்த சாப்டர்

தாமோதரன் சார் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். "அங்கிள், அப்பா போயிட்டாருங்க..." அதற்கு மேல் அவளாலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. நான் பேச்சில்லாமல் நின்றது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. வீட்டில் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பிஎச்டி ஆராய்ச்சிக்காகத் திருத்தணிக்கு வந்தவர். பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருந்த என் எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் முதலில் வந்தார். எல்லாரும் அங்கேதான் வருவார்கள்... ஒரு கலெக்டரே லைன் கிடைக்காமல் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"இன்னா சார் ஆராய்ச்சி?" என்றேன்.

"சோஷியல் இன்னோவேஷன், பிசினஸ் இன்னோவேஷன்... ரெண்டுக்கும் என்ன உறவுன்னு பாக்கறேண்ணே. ஒரு கஷ்டம் தீரணும்னு ஜனங்களே புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சா அது முதல் வகை. லாபத்துக்காகக் கண்டுபிடிச்சா ரெண்டாவது."

"ரெண்டும் பங்காளியா, சம்பந்தியா சார்?"

சிரித்துவிட்டார். "அது தெரிஞ்சா எனக்கு டாக்டர் பட்டமே குடுத்துடுவாங்கண்ணே."

எட்டாம் வகுப்பு படித்தவன் கேட்ட கேள்வி. கடைசிவரை அவர் ஆராய்ந்தது அதைத்தான். ஆகவே அந்த ஆராய்ச்சியில் பாதி என்னுடையது என்று தாராளமாகச் சொல்லலாம்.

எங்கள் தெருவை அவருக்குக் காட்டியதும் நான்தான்.

ஆடிக்கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டத்தில் பெண்களுக்குக் குளிக்க மறைவிடம் கிடையாது. கன்னியம்மா அக்காதான் முதலில் தன் வீட்டுப் பின்பக்கத்து பாத்ரூமைத் திறந்துவிட்டார். அடுத்தடுத்த வருஷங்களில் தெருவே திறந்தது.

வாசலில் மஞ்சள் துணி தொங்கினால் காலி என்று அர்த்தம். உள்ளே போகிறவர் துணியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். குளித்து முடித்ததும் பின்னால் வருகிறவருக்காகப் பம்பில் ஒரு குடம் அடித்து வைத்துவிட்டு, துணியைத் திரும்ப மாட்ட வேண்டும். அவ்வளவுதான் விதி. காசு கிடையாது. பாதி ஆந்திராவே எங்கள் தெருவில் குளித்துவிட்டுத்தான் மலையேறியது!

சார் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாருடைய யோசனை, எப்படித் தோன்றியது என்று கேள்வி மேல் கேள்வி.

"இன்னா சார் அதிசயத்த கண்ட மாதிரி? பின்னால வர்றவளும் பொம்பளதானே? பாத்துகினே நிக்காத, நீயும் ஒரு கொடம் அடி" என்றார் அக்கா.

அடித்தார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு.

அந்த உற்சாகத்தில்தான் தப்பு நடந்தது. உள்ளூர் வியாபாரிகள் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். துணி, குடம், வரிசை எல்லாவற்றையும் போர்டில் படம் போட்டு விளக்கினார். முன் வரிசையில் ஒரு லாட்ஜ்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அடுத்த ஆடிக்குள் லாட்ஜுக்குப் பின்னால் வரிசையாகக் குளியலறைகள். கதவுக்கு மேலே மஞ்சள் பல்பு, எரிந்தால் காலி. உள்ளே போக டோக்கன். டூரிஸ்ட் பஸ் டிரைவர்களுக்கு கமிஷன் போனது, பஸ்கள் அவர் வாசலிலேயே நின்றன. இப்படி ஒரு தெரு இருப்பதை வருகிறவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. டோக்கன் வாங்க முடியாத பெண்கள் பழையபடி பஸ் மறைவில்...

துணியை எடுத்துக்கொண்டான், குடத்தை விட்டுவிட்டான். அதற்கு அவனுக்குப் பொன்னாடை, கேடயம். புதுமையான தொழிலதிபராம்!

கன்னியம்மா அக்கா என் பூத் வாசலிலேயே சாரை மடக்கினார்.

"ஏன் சார், நீ எழுதிகினு போனது படிக்கறதுக்கா, அவங்கையில குடுக்கறதுக்கா?"

"இப்படி ஆகும்னு தெரியாதுங்கக்கா..."

"ஆங். தெரியாமயே இருந்துகினு போ."

சார் அதையும் எழுதினார். தன் ஆராய்ச்சி வழியாகத்தான் அந்த யோசனை தெருவை விட்டு லாட்ஜுக்குப் போனது, அதனால் தெரு செத்தது என்று... அதுதான் கடைசி சாப்டர்.

பிஎச்டிக்கு அவருடைய கைடாக இருந்த பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. சமூகப் புத்தாக்கம் வணிகப் புத்தாக்கமாக 'வளர்ந்தது' என்று மாற்றி எழுதச் சொன்னார்.

அந்த போன் பேச்சு நடந்தது என் பூத்தில். கண்ணாடிக்கு வெளியே நின்று முழுக்கக் கேட்டேன், ஓனருக்கு அந்த உரிமை உண்டு.

"வளரல சார், பறிபோச்சு... இல்ல சார், அந்த சாப்டர எடுக்க மாட்டேன்... பட்டம் வராதுன்னா வராம போகட்டும் சார்."

வெளியே வந்தபோது சட்டையெல்லாம் வேர்வை. "ரெண்டும் பங்காளின்னு எழுதினா நான் டாக்டராம்ணே."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அதான் காத ஒட்டவச்சுக் கேட்டீங்களே?"

"வுடாத சார்!" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினேன். நான் தட்டியிருக்காவிட்டால் அன்றைக்கே அவர் மனம் மாறியிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

பட்டம் வரவில்லை. காலேஜ் வேலையும் வரவில்லை. அரக்கோணத்தில் ஒரு டுடோரியலில் பிளஸ் டூ பையன்களுக்குப் பாடம் எடுத்தே காலம் போனது.

அந்த கைடு எங்கள் தெருவைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார். 'வளர்ந்தது' என்றுதான். லாட்ஜ்காரர் போட்டோ கூட அதில் உண்டாம்.

கன்னியம்மா அக்கா போட்டோ இல்லை. அவர் அப்போது அதே லாட்ஜில் டோக்கன் பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தார்.

இன்று மத்தியானம், சார் பிஎச்டிக்குச் சேர்ந்திருந்த அந்த கைடின் துறை முகநூல் பக்கத்தில் அஞ்சலி போட்டிருக்கிறார்கள். "முனைவர் தாமோதரன், எங்கள் துறையின் பெருமை..."

முனைவராம்!

"எப்போது கொடுத்தீர்கள்?" என்று கீழே கேட்டேன். டெலீட் செய்தார்கள். திரும்பக் கேட்டேன். பிளாக்.

நாளைக் காலை அரக்கோணத்தில் எடுக்கிறார்கள். முதல் ரயிலில் போகிறேன், தெரிந்தவர்கள் வாருங்கள்.

பேருக்கு முன்னால ஒண்ணும் இல்லாமலே போய்ட்டு வாங்க சார்...