‘அப்புறம்’ அக்கா தட்டிய பொத்தான்

சலவைக்கடையில் அவளுக்கு ‘அப்புறம்’ அக்கா என்று பெயர். கணினித் திரையில் எந்தக் கேள்வி முளைத்தாலும், படிக்காமலே ‘அப்புறம்’ என்ற பொத்தானைத் தட்டிவிடுவாள். “கூப்பிடாம வந்து கேள்வி கேக்கறவன்கிட்ட வாயைக் கொடுக்கக் கூடாது” என்பது அவள் கொள்கை. வீட்டுக் கதவைத் தட்டும் விற்பனைக்காரர்களுக்கும் அதே பதில்தான். பெண் கேட்டு வந்தவர்களுக்கும் அதையேதான் சொன்னாளாம். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் தனியாக, நிம்மதியாக இருக்கிறாள்.

அழுக்குத் துணி வாங்கி ரசீது போடுவது அவள் வேலை. கடையில் உள்ளவர்களுக்குச் சம்பளம் போட்டு, அதில் வரி பிடித்து, அரசாங்கத்துக்குக் கட்டுவதும் அவள்தான். வரிச் சட்டம் மாறும்போதெல்லாம் சம்பளம் போடும் சாஃப்ட்வேரும் அப்டேட் ஆகி, பொத்தான்களை இடம் மாற்றி வைத்து உயிரை வாங்கும். அவள் விடமாட்டாள். அரசாங்க அறிவிப்பை அச்செடுத்து, திரையில் தெரியும் விகிதத்தோடு விரல் வைத்து ஒப்பிடுவாள். அவள் வந்த பிறகு கடை அபராதம் கட்டியதே இல்லை.

இந்த முறையும் விகிதம் சரியாகத்தான் இருந்தது. சம்பள உறைகளைக் கொடுத்தாள்.

மறுநாள் இஸ்திரிக்காரர் கசங்கிய சட்டையோடு வந்தார். கையில் ஒரு துணிப்பை.

“என்னண்ணே, ஊருக்குக் கிளம்பிட்டீங்களா?”

“பொண்டாட்டி வீட்டை விட்டே கிளப்பிட்டா. எல்லாம் உன் புண்ணியம்.”

“நான் என்ன பண்ணேன்?”

“உறையில காசு குறையுதும்மா. வரி கூடிடுச்சுன்னு சீட்டைக் காட்டினேன். ‘சீட்டை எவ வேணாலும் அடிச்சுக் குடுப்பா. எதிர்வீட்டுல இருக்கானே உங்க கடை வாஷிங் மெஷின்காரன், அவனுக்குக் குறையலையே? வரிக்கு உன் மூஞ்சி மட்டும்தான் தெரியுமா? மிச்சக் காசு எவ வீட்டுக்குப் போச்சு?’ன்னு கேக்கறா.”

வாசலில் வண்டியில் துணி ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் திரும்பினார். “எனக்கும்தான் குறைஞ்சிருக்கு. உங்களுக்குக் குறைஞ்சுதா அக்கா?”

“இல்லை” என்றாள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி பேப்பரிலிருந்து தலை தூக்காமல், “எல்லாத்தையும் இன்னொரு தரம் பார்த்துடும்மா” என்றார். அவர் இதுவரை அவள் கணக்கைப் பற்றி அப்படிச் சொன்னதே இல்லை.

அவளுக்குச் சாஃப்ட்வேர் மேல் சந்தேகம். அதை விற்றவனுக்குப் போன் போட்டாள்.

“மத்த கடைங்கள்ல எல்லாம் சரியா ஓடுதே மேடம்?”

“அப்போ நான் திருடியா?”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“சொல்லாமத்தானே சொல்றீங்க!”

போனை வைத்துவிட்டுச் சம்பளச் சீட்டுகளைப் பரப்பினாள். குறைந்தது இஸ்திரிக்காரருக்கு, டிரைவருக்கு, கிழிசல் தைக்கும் அம்மாவுக்கு. குறையாதது மெஷின்காரனுக்கும் தனக்கும். அவனுக்கும் தனக்கும் என்ன உறவு? அவன் முகம் பார்த்துப் பேசுவதுகூடக் கிடையாது.

“அவனுக்கென்ன, பொண்டாட்டியா பிள்ளையா? குறைஞ்சாலும் கேக்க ஆளில்லை” என்று இஸ்திரிக்காரர் முணுமுணுத்தார்.

அவள் விரல் நின்றது. இஸ்திரிக்காரரின் விவரப் பக்கத்தைத் திறந்தாள். ‘குடும்பம்: பதில் இல்லை.’ டிரைவருக்கும் அப்படியே. எல்லாருக்கும் அப்படியே. புதுச் சட்டப்படி ஒவ்வொருவரின் குடும்ப விவரத்தையும் சாஃப்ட்வேர் திரும்பக் கேட்டிருக்கிறது. கேட்டபோதெல்லாம் அவள் ‘அப்புறம்’ தட்டியிருக்கிறாள். பதில் வராததால் எல்லாரையும் ஒண்டிக்கட்டையாக வைத்து, குடும்பஸ்தர்களுக்கு உண்டான வரிச் சலுகையை அது எடுத்துவிட்டது.

“அண்ணே, உங்களைப் பிரம்மச்சாரியாக்கிட்டேன்.”

“நாலு பிள்ளைங்களோடவா?”

மதியம் அவளே அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள்.

“தப்பு என்னோடதும்மா. வரியைக் கூடப் பிடிச்சுட்டேன். அடுத்த சம்பளத்துல சேர்ந்து வந்துடும்.”

“அவருக்காக நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்து பரிஞ்சு பேசறீங்க?”

“என் வேலையில வந்த தப்பு. அதான்.”

“உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்லை.”

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டினாள். “வாங்க. அந்த மெஷினை நான் பார்க்கணும்.”

கடையில் அக்காவின் நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்தாள். ‘திருமணமானவரா?’ என்று திரை கேட்டது. ‘ஆம்’ என்று ஓங்கி ஒரு தட்டு. பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். சாஃப்ட்வேர் மறுபடி கணக்குப் போட்டதும், பழைய தொகை திரையில் வந்தது. அதைத் தன் கையிலிருந்த போன மாதச் சீட்டோடு ஒப்பிட்டாள், விரல் வைத்து.

‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்றது திரை. பழக்கதோஷம், அக்காவின் கை ‘அப்புறம்’ பக்கம் நகர்ந்தது. அந்த அம்மாள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அப்புறம் கிப்புறம் எல்லாம் வேணாம். இப்பவே.”

முதலாளி பேப்பரை மடித்துவைத்துவிட்டு, “மத்தவங்களுக்கும் இன்னிக்கே மாத்திடும்மா” என்றார். குரல் பழையபடி இருந்தது.

இஸ்திரிக்காரர் மெல்லக் கிட்டே வந்தார். “அப்ப நான் வீட்டுக்கு வரலாமா?”

மனைவி எழுந்து அவருடைய துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“பையை எடுத்துட்டுப் போறேன். நீ வர்றதை அப்புறம் பார்க்கலாம்.”