வெயிலுக்குக் கறுக்கும் கண்ணாடி

போன செவ்வாய்க்கிழமை ஒரு குழந்தையின் மேல் ஸ்கூட்டரை ஏற்றியிருப்பேன்.

என் நாத்தனார் வசந்திக்கு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலை – பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிப்பது. அன்று பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள். மதிய வெயிலில் நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடக் கிளம்பினேன். மூக்கின் மேல் புதுப் பவர் கண்ணாடி. வெயிலில் தானே கறுத்து, நிழலில் தானே தெளியும் ரகம். ஆசையாக வாங்கியது.

ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் சுரங்கப்பாதைக்குள் இறங்கினோம். அவ்வளவுதான்... ஒன்றுமே தெரியவில்லை!

கரண்ட் போய்விட்டதா? இல்லை, கண்ணே போய்விட்டதா? சுவர் எது, ரோடு எது? பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற வண்டி ஏறிவிடுமோ என்று பயம். அந்தப் பயத்திலேயே கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டேன்.

"அண்ணி! ஆளு... ஆளு நிக்கிது!" வசந்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். வண்டி சறுக்கி நின்றது. கண்ணாடியைப் பிடுங்கினேன். முன் டயரை ஒட்டி ஒரு புடவை மங்கலாகத் தெரிந்தது. ஒரு பெண். இடுப்பில் குழந்தை.

"ஏம்மா, கண்ணு தெரியலியா? புள்ளய வச்சிக்கினு ஓரமாத்தான வரேன்!"

"தெரியலம்மா... நெசமாவே தெரியல."

மேலும் திட்ட வாயெடுத்தவள், குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். என் பதில்தான் அவளை இன்னும் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"எறங்குங்க அண்ணி. தள்ளிக்கினே போவலாம்" என்றாள் வசந்தி.

சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

"வெயிலு பட்டா சட்டுனு கறுத்துடும் மேடம். தெளியறதுக்குத்தான் கொஞ்ச நேரம் ஆவும்" என்றாள் கடைப் பெண். லென்ஸில் இருக்கும் சாயம் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் உருமாறி வெளிச்சத்தைத் தடுக்குமாம். வெயில் போனதும் மெதுவாகத்தான் பழையபடி ஆகுமாம்.

அதாவது, நான் இருட்டுக்குள் வந்துவிட்டேன். கண்ணாடி இன்னும் வெயிலிலேயே இருந்திருக்கிறது!

"அத வாங்குறப்பவே சொல்ல வேணாமாம்மா?" கத்த நினைத்தேன். கண்ணாடியை உறைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே வார்த்தையை நம்பி எத்தனை பொருள் வாங்குகிறோம்? தானே மாறும் என்கிறார்கள், சரி... எவ்வளவு நேரத்தில் மாறும் என்று கேட்கிறோமா?

இப்போது வண்டி எடுத்தால் சாதாரணக் கண்ணாடிதான். அப்படியும் சுரங்கப்பாதைக்குள் சட்டென்று நுழைவதில்லை. முகப்பு நிழலில் ஓரமாக நிறுத்தி, கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் இறங்குகிறேன். பின்னால் ஹாரன் அடித்துத் தீர்க்கிறார்கள்.

அடிக்கட்டும்... ஹாரன் சத்தம் யார் மேலும் ஏறிவிடாது!