பட்டன் அக்கா காத்த குளம்

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கட்டுகளை ஆழமான தண்ணீர்க் குளத்தில் போட்டு வருஷக்கணக்கில் ஆறவிடுவார்கள். அந்தக் குளத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் பட்டன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

உள்ளே போகிறவர் யாரானாலும் பேனா, மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் தட்டில் வைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்ட வேண்டும். சட்டைப் பட்டனை அவளே ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பாள்.

"எங்கம்மாகூட என்னை இப்படிப் பார்த்ததில்லை அக்கா" என்பார் கிரேன்காரர்.

"அவங்க பார்த்திருந்தா நான் ஏன் பார்க்கப்போறேன்?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு பேனா மூடியைக் கோட்டை விட்டிருந்தாள். அது குளத்தில் விழுந்துவிட்டது; எரிபொருள் கட்டுக்குள் சிக்கினால் அதன் உறையைக் கீறிவிடும் என்று மொத்த வேலையையும் நிறுத்தினார்கள். நீளக் கம்பில் இடுக்கியைக் கட்டித் துழாவி எடுக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவளிடம் யார் பருப்பும் வேகவில்லை.

பக்கத்திலேயே இரண்டு புது உலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. தினமும் புது முகங்கள். ஒருநாள் காலையில் அணு உலைப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவரே ஆய்வுக்கு வந்துவிட்டார். கேட்காமலே எல்லாவற்றையும் தட்டில் வைத்தார். பட்டன்கள் கெட்டியாக இருந்தன. நிமிர்ந்து பார்த்தவளுக்குத் திக்கென்றது. காதோரம் நரை, மேலே மட்டும் கருகருவென்று முடி, அதுவும் லேசாக ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. டோப்பா!

அவருக்குப் பின்னால் நின்ற மேலாளர், விட்டுவிடு என்று கண்ணைக் காட்டினார். விட்டால் குளத்தில் விழும். கேட்டால் பெரிய மனிதரின் மானம் போகும். அவள் விறுவிறுவென்று போய், பெயின்ட் அடிப்பவர்கள் போடும் துணித் தொப்பிகளை அள்ளி வந்தாள்.

"இன்னைக்கு எல்லாருக்கும் தொப்பி. நாடாவைத் தாடைக்குக் கீழே முடிஞ்சுக்கோங்க."

"இது எப்போ வந்த விதி?" என்றார் மேலாளர்.

"இப்போதான் சார். ரெண்டு நிமிஷம் ஆச்சு."

கிரேன்காரருக்கு முழு வழுக்கை. "எனக்கு எதுக்கு அக்கா? என் தலையில விழறதுக்கு என்ன இருக்கு?"

"வாயை மூடிக்கிட்டு மாட்டு!"

உள்ளே தலைவர் தடுப்புக் கம்பிமேல் சாய்ந்து, தண்ணீருக்கடியில் கட்டுகளைச் சுற்றித் தெரிந்த நீல வெளிச்சத்தை எட்டி எட்டிப் பார்த்தார். தொப்பி அசையவில்லை.

திரும்பும்போது மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு மேசையருகே நின்றார். "விதியில தொப்பி கிடையாதேம்மா. எழுதினதே நான்தான்."

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "தெரியும் சார்..."

"எழுதும்போது என் தலை எனக்கே ஞாபகம் வரல." சொல்லிவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை.

அடுத்த மாதமே எல்லா அணுமின் நிலையங்களுக்கும் தொப்பி விதி வந்தது. கூடவே அவளுக்கும் ஒரு உத்தரவு: புது நிலையங்களுக்குப் போய் வாசல்காரர்களைப் பழக்க வேண்டும்.

முதல் விமானப் பயணம். வழியனுப்ப வந்த வீட்டுக்காரர்தான் பதறிக்கொண்டிருந்தார். அவளோ சோதனை வரிசையில் வளையல், கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் தானே கழற்றி வைத்துவிட்டு, கையை விரித்து நின்றாள்.

"நல்லா பாரும்மா, அவசரமே இல்லை" என்றாள் காவல்காரப் பெண்ணிடம். அப்படிச் சொன்ன பயணியை அந்தப் பெண் அதுவரை பார்த்ததில்லை.