ஐஸ்கிரீம் பெட்டிக்குள் இருந்த பாதம்

என் அண்ணை கனடாவின் மேற்குக் கரையோரம், மலையடிவாரத்துச் சின்ன நகரம் ஒன்றில் லொறி ஓட்டுகிறார். எங்கள் சொந்தத்தில் வேட்டைக்குப் போகிற ஒரே ஆள் அவர்தான். என் மகளுக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குத் தானும் வருவதாக அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. அம்மாவும் ஐயாவும் போன பிறகு எனக்கு மிஞ்சியிருக்கிற பிறந்த வீடு அவர்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் அவரைக் கூட்டிவர விமானநிலையத்துக்குப் போனேன். இப்போது அந்த வருகையை நினைத்தால் முதலில் வருவது ஒரு மணம்.

எங்கள் வீடு ஹவுன்ஸ்லோவில். நான் விமானநிலையத்துக் கடையொன்றில் வேலை செய்கிறேன். அண்ணை வந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, காலை ஷிப்ட் முடித்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். என் மனிசன் பசியோடு இருந்தார். எங்கள் உறைபெட்டியில் ஐஸ்கிரீம் பெட்டிகள் நிறைய இருக்கும், ஒன்றிலும் ஐஸ்கிரீம் இருக்காது. மீன் குழம்பு, பிலாக்கொட்டைக் கறி, அரைத்த தேங்காய். மேலே இருந்த ஒரு பெட்டியை எடுத்து, மீன் குழம்புதான் என்ற நம்பிக்கையில் மூடியைக்கூடத் திறக்காமல் மைக்ரோவேவுக்குள் வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனேன்.

மாடிப்படியில் இறங்கும்போதே மணம் வந்தது. கருகிய மயிர், ஈரநாய், அதற்கடியில் இறைச்சி வேகிற மணம். பெட்டியின் மூடி உப்பியிருந்தது. திறந்தேன். மஞ்சள் கலந்த மண்ணிற மயிர் மூடிய ஒரு பாதம் கிடந்தது. என் உள்ளங்கையைவிடப் பெரியது. மயிர் ஒரு பக்கம் நனைந்து ஒட்டி, வெட்டிய இடத்தில் வெள்ளை எலும்பு தெரிந்தது. அடியில் கறுத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. விரல்களுக்கிடையில் நகங்கள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

குசினித் தொட்டிக்குள் சத்தி எடுத்தேன். என் மனிசன் ஓடிவந்து பார்த்துவிட்டு, "இது என்னப்பா, நாயோ?" என்றார்.

அண்ணை வெளித்தோட்டத்திலிருந்து வந்தார். அவருடைய முகத்தில் தெரிந்தது வெட்கமில்லை, கவலை. என்னைப் பற்றிய கவலையுமில்லை. "ஐயோ, நகம் வெந்துபோச்சுதோ?" என்று கேட்டுக்கொண்டு, சுடச்சுட இருந்த அந்தப் பாதத்தைக் கையாலேயே தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

அது கூகர். மலைச்சிங்கம் என்றும் சொல்வார்கள். அங்கே பனிக்காலத்தில் நாய்களை விட்டுத் துரத்தி மரத்தில் ஏற்றிச் சுடுவார்களாம். பஞ்சாயுதப் பதக்கத்தோடு சேர்த்து ஒரு நகத்தையும் பொன்னில் கட்டிப் பேரப்பிள்ளைக்குப் போடுவதுதான் அண்ணையின் எண்ணம். புலிநகம் கட்டினால் பிள்ளை பயப்படாமல் வளரும் என்று எங்கள் ஆட்கள் நினைப்பதுண்டு. புலி கிடைக்காத இடத்தில் இதாவது கிடைத்ததே என்று அவருக்குப் பெருமை. வால்தம்ஸ்டோவில் பழக்கமான நகைத்தொழிலாளி ஒருவர் இருக்கிறாராம்.

"நகத்தை மட்டும் கொண்டுவந்திருக்கலாமே அண்ணை?"

"அவசரப்பட்டு எடுத்தால் கீறல் விழும். வேலை தெரிஞ்சவன் எடுக்கட்டும் எண்டு விட்டனான். கடுவன்ரை நகம் பெரிசு, குழந்தைக்குக் கனக்கும். இது பெட்டையின்ரை. பார், எவ்வளவு வடிவு."

பாதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

மைக்ரோவேவை வினாகிரி போட்டுத் துடைத்தேன், எலுமிச்சம்பழம் வைத்துக் கொதிக்க விட்டேன். மணம் போகவில்லை. கடைசியில் அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வேறு வாங்கினோம். பாதத்தை மீண்டும் உறைபெட்டியில் வைக்க நான் விடவில்லை. அண்ணை அதை நான்கைந்து பைகளுக்குள் சுற்றித் தோட்டத்துக் கொட்டிலில் வைத்தார். அவருக்கு என்னில் மனவருத்தம்.

அன்று பின்னேரம் மனவருத்தத்தைப் பேச்சாகக் கொட்டினார். என் மனிசனுக்கு இதெல்லாம் புதினம். தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைப்பேற்றுக்கு எங்களோடு வந்து நின்ற மகள் பக்கத்துச் சோபாவில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேட்டைக்காரன் எண்டால் கொலைகாரன் எண்டு நினைக்கிறியள்," என்றார் அண்ணை. "அந்த மிருகத்தை எங்களைப்போலத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லை. நாங்கள் லைசென்ஸுக்குக் கட்டுற காசிலைதான் அதுகளை எண்ணுறாங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனைதான் எண்டு கணக்கு இருக்கு. பெட்டை இத்தனை விழுந்தால் சீசனை மூடிப்போடுவாங்கள்."

"நாயை விட்டுத் துரத்துறது பாவமில்லையோ மச்சான்?" என்றார் என் மனிசன்.

"அதைத்தான் பட்டணத்துச் சனமும் கேக்குது. நாயைத் தடை செய்யவேணும் எண்டு கையெழுத்து வாங்குது. யோசிச்சுப் பாருங்கோ. நாய் மரத்திலை ஏத்தினால் கிட்ட நிண்டு பாக்கலாம். கடுவனோ பெட்டையோ, குட்டியோ கிழடோ எண்டு. வேண்டாமெண்டால் நாயைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரலாம். நான் சுட்டதைவிட விட்டதுதான் கூட. நாய் இல்லாட்டி, தூரத்திலை ஏதோ அசையுது எண்டு சுடுவான். எது மோசம்?"

என் மனிசன் தலையாட்டினார். அண்ணை இன்னும் மேலே போனார். கிழட்டுக் கடுவன்களை எல்லாம் சுட்டுத் தள்ளினால், அதுகள் அடக்கி வைத்திருந்த இளசுகள் வீடுகளுக்குள் வந்து நாய் பூனை பிடிக்கும், அதனால் கடுவனுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்றார். இதைத் தன் கூட்டாளிகளே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னார். "எல்லாத்தையும் மனேஜ் பண்ணவேணும்" என்பதை அடிக்கடி சொன்னார். கடையில் பழுதாகப்போகிற சான்விச்சுகளுக்கு விலைக்குறைப்பு ஒட்டும்போது எங்கள் மேலாளர் சொல்வதும் அதே சொல்தான். அண்ணையின் கைகளைப் பார்த்தேன். நகத்திடுக்கில் ஒரு மயிர் இருக்குமோ என்று தேடினேன். நான் சமைத்த ரோல்ஸை அந்தக் கையால்தான் தின்றுகொண்டிருந்தார்.

"நீ நண்டை உயிரோடை உடைக்கிறனி," என்றார் என்னைப் பார்த்து. "கோழியை ஆர் கொன்றது எண்டு கேக்கிறியோ? நான் தின்னுறதை நானே கொல்லுறன்."

"இதையும் திண்டியளோ?"

"பின்னை? பண்டி இறைச்சி மாதிரி இருக்கும்."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். அவர் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு ஏலவில்லை. நண்டு உடைப்பது உண்மை. ஆனால் அருவருப்புக்கு நியாயம் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் அண்ணை கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். பனி மூடிய மரம். கீழே நாய்கள் பைத்தியம் பிடித்தது போலக் குரைக்கின்றன. கிளையில் ஒரு பெரிய பூனை காதுகளை மடக்கிக்கொண்டு கீழே பார்க்கிறது. அது உறுமவில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. வேட்டைக்காரர்கள் சிரிக்கும் சத்தத்துக்குள் அண்ணையின் சிரிப்பும் கேட்டது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சிரிப்பு.

மகள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "மாமா, இதுவா அந்த ஃபீமேல்?" என்று கேட்டாள்.

"ஓம், இதுதான்."

"பேபீஸ் இருந்ததா?"

அண்ணை பொய் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம். அன்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"குட்டியோடை நிக்கிற பெட்டையைச் சுடக்கூடாது எண்டு சட்டம்," என்றார். "நாங்கள் காலடி பார்த்தனாங்கள். தனிக் காலடிதான். தோலுரிக்கேக்கைதான் பால் வந்தது."

பிள்ளை ஏவறை விட்டது.

"குட்டியளை எங்கையோ ஒளிச்சுவைச்சிட்டு இரை தேட வந்திருக்கு. வந்த தடத்திலை திரும்பிப் போய்த் தேடினம். பனி கொட்டித் தடத்தை மூடிப்போட்டுது. கிடைக்கேல்லை. அதிகாரிக்கு நானே சொன்னனான். சட்டப்படி பிழையில்லை எண்டான். அதாலைதான் சொல்லுறன், சட்டம் காணாது. பெட்டையைச் சுடவே விடக்கூடாது."

"அந்தப் பாதத்தையா என்ட பேபிக்குக் கொண்டு வந்தீங்க?" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை. எழுந்து பிள்ளையோடு மாடிக்குப் போனாள். அறைக்கதவு மூடும் சத்தம் கேட்டது.

அண்ணை வீடியோவை நிறுத்தினார். "நான் நல்லதுக்குத்தானே கொண்டு வந்தனான்," என்றார் என்னிடம். எனக்கு அவரைத் தேற்ற மனம் வரவில்லை. பாலைப் பார்த்த பிறகும் பாதத்தை வெட்டியெடுத்து, அளவு பார்த்து, வடிவு பார்த்து, பத்திரமாக உறைய வைத்திருக்கிறார்.

பொழுதுபட முன்னர் அவரே பாதத்தைக் குப்பைப் பையில் போட்டு வாசலில் வைத்தார். ஹவுன்ஸ்லோ நரிகளைப் பற்றி அவருக்குத் தெரியாது. விடிய எழும்பியபோது பை கிழிந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா கதவைத் தட்டினார். தனியாக இருப்பவர், நரிகளுக்குத் தட்டில் சாப்பாடு வைப்பவர். தன் புல்தரையில் யாருடையதோ நாயின் கால் கிடக்கிறது, பொலிசுக்குச் சொல்லவேண்டும் என்றார்.

நான் தும்புத்தடியும் குப்பைவாரியும் எடுத்துக்கொண்டு போனேன். நரி தோலைக் கடித்து இழுத்திருந்தது. இரண்டு விரல்கள் இல்லை. இலையான் மொய்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை வாரினேன். அது வாரியில் உருண்டது.

பின்னால் வந்த அண்ணை அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். இது நாயில்லை, கூகர், சட்டப்படி சுட்டது, பயப்பட ஒன்றுமில்லை. அதோடு நிறுத்தவில்லை. "நீங்கள் நரிக்குச் சாப்பாடு போடுவது நல்லதல்ல. தொகை கூடினால் நோய் வரும். இங்கேயும் யாராவது ஒழுங்காகக் குறைக்க வேண்டும்."

அந்த அம்மா அவரையும் என் கையிலிருந்த வாரியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் வீட்டுக்கு வரும் பார்சல்களை வாங்கி வைப்பது நான்தான். கிறிஸ்மஸுக்கு எங்களுக்குப் பிஸ்கட் தருவார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. இப்போது பார்சல்கள் எதிர்வீட்டுக்குப் போகின்றன. அவர் பார்வையில் நானும் அந்தப் பாதமும் ஒன்றுதான். அவரில் எனக்குக் கோபமில்லை.

துடக்குக் கழிவு அன்று அண்ணை வேட்டியும் சால்வையுமாக வந்தார். பஞ்சாயுதத்தைத் தனியாக, நகமில்லாமல் கொண்டுவந்தார். பிள்ளையைத் தூக்கக் கை நீட்டியபோது மகள் சொன்னாள்: "மாமா, கை கழுவிட்டு வாங்கோ."

அவர் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் ஓடும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது மகள் பிள்ளையைக் கொடுத்தாள். அவர் அவ்வளவு பக்குவமாக, கழுத்துக்குக் கை கொடுத்துத் தூக்கினார். பிள்ளை அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பொங்கிய புக்கையில் நெய் மணத்தபோதுகூட அந்த மைக்ரோவேவ் மணம்தான் மூக்கில் நின்றது.

அவர் போய் இப்போது பல மாதங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் எடுப்பார். போன மாதம், தங்கள் பகுதி வேட்டைக்காரர் கூட்டத்தில் எழும்பிப் பெட்டைகளைச் சுடுவதை அடியோடு நிறுத்தவேண்டும் என்று பேசியதாகச் சொன்னார். சிலர் கத்தியிருக்கிறார்கள். பட்டணத்துச் சனத்தின் பேச்சைக் கேட்டு வந்திருக்கிறாய் என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னானாம்.

"நான் ஒருத்தருக்கும் பயமில்லை," என்றார் அண்ணை. "சரி எண்டு பட்டதைச் சொன்னனான்."

"நல்லது அண்ணை." உண்மையாகவே சொன்னேன்.

"இனிக் கடுவன் மட்டும்தான். நாய்களுக்கு இப்பவே பழக்கம் குடுக்கத் தொடங்கியிட்டம்."

"எப்ப போறியள்?"

"பனி விழட்டும்," என்றார். குரலில் அந்தப் பழைய உற்சாகம்.

என் வாய்க்குள் எச்சில் ஊறியது, சத்தி வரமுன் ஊறுகிற எச்சில். மனிசனும் கதைக்க நிற்கிறார் என்று சொல்லிக் கைப்பேசியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.