பார்சலைத் திறக்க நேரில் வரவும்

அந்த அட்டை வந்த காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அம்மா இருந்தார், கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் முப்பது பேராவது இருந்தார்கள், பேர் பதிகிற கணக்கப்பிள்ளை இருந்தார். அப்பா இல்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்களோடு அவர் முன்பே மேல்மலைக்கு ஏறிவிட்டார். அட்டைக்கு உரியவனான நானும் இல்லை. முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய், டியூஷன் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லார் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கே சில நாள் கிடக்கும், பிறகு பெரட்டில் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். வங்கிக் கடிதமோ கல்யாணப் பத்திரிகையோ, ஒருவருக்கு வந்தது எல்லாருக்கும் வந்த மாதிரிதான். இது உறைகூட இல்லாத அட்டை. கணக்கப்பிள்ளை சத்தமாகவே படித்துவிட்டார். சுங்கத்தின் அரசாங்க முத்திரை, கொழும்புக்கு அடையாள அட்டையோடு நேரில் வரவும், பார்சலைத் திறந்து பார்க்க வேண்டும். பொருள் என்ற இடத்தில் விற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவர் தமிழாக்கியும் சொன்னார்.

“சண்டைப் பிளேனு, குண்டோடன்னு போட்டிருக்கு. ஒங்க மகன் என்னாம்மா பண்றான் கொழும்போட?”

அது ஒரு பிளாஸ்டிக் கிட். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய விமானம், சாம்பல் நிறத் துண்டுகளாக, ஒட்டிச் சேர்க்க வேண்டியது. இதை அம்மா களத்தில் நின்று யாருக்குச் சொல்ல முடியும்?

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது ஹட்டன் பஜாரில். புத்தகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா வெயிலில் வெளுத்துப்போன ஒரு கிட் பெட்டியைத் தள்ளுபடியில் தந்தார். விமானத்தின் மேல் ஒட்டும் படங்களும் எழுத்துகளும் அதில் பாதி இல்லை. உயர்தரப் பரீட்சை முடிந்த சும்மாக் காலத்தில் அதைச் செய்து முடித்தேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்று கேட்டது மனசு. அப்புறம்தான் விலை தெரிந்தது. நாட்டில் டொலர் இல்லாத காலத்தில் இந்தக் கிட்டுகள் இறக்குமதியாகவே இல்லை. திரும்ப வந்தபோது கொழும்புக் கடைகளில் விலை மூன்று மடங்கு. போனில் தேடித் தேடி ஒரு வழியைக் கற்றுக்கொண்டேன். கம்பனிகள் பல வருடத்துக்கு முந்திய அச்சையே மறுபடி ஓட்டி, புதுப் பெட்டியில் போட்டு விற்கும். இடுக்கு சரியாகப் பொருந்தாது, கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். ஆனால் புது அச்சின் விலையில் பாதிகூட இல்லை. முதல் தடவை ஏமாந்தேன். பெட்டியில் படம் வேறாக இருக்கிறதே என்று நம்பி, முன்பு செய்த அதே விமானத்தை மறுபடியும் வாங்கிவிட்டேன். அதன் பிறகு எந்த அச்சு, எப்போது வெட்டியது என்று பார்க்காமல் காசு அனுப்புவதில்லை.

இந்த முறை அச்சைப் பார்த்தேன், தபால் கூலியைப் பார்த்தேன். பெட்டியின் மேல் என்ன எழுதி அனுப்புவார்கள் என்று பார்க்கவில்லை.

அதுவும் எந்த நேரத்தில். ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகம் முடிந்திருந்தது. பொலிஸ் அறிக்கை மட்டும் மிச்சம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அந்த நியமனம் எனக்கு மட்டும் உரியதல்ல. அப்பா யாரிடமும் பேசும்போது இடையில் ஒரு இடத்தில் அது வந்துவிடும்.

அன்று மத்தியானம் நான் வந்தபோது அம்மா அட்டையை என் கையில் தரவில்லை. சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். அட்டை ஆபீசில் ஒன்பது நாள் கிடந்திருக்கிறது என்பதை முத்திரைத் தேதியில் பார்த்தேன். கூப்பிட்டும் வராதவன் என்று ஏற்கனவே எங்காவது எழுதியிருப்பார்களோ?

அம்மாவின் பயம் என்னுடையதைவிடப் பழையது. யுத்த காலத்தில் மாமா, அம்மாவின் தம்பி, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். ரேடியோ திருத்தப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு சோதனையில் அவர் பையில் வயர்த் துண்டுகளும் ஈயப் பற்று வைக்கிற சால்டரும் இருந்தன. பிடித்துக்கொண்டு போனவர்கள் பதினேழு நாள் கழித்துத்தான் விட்டார்கள். அதன் பிறகு அவர் ரேடியோவைத் தொட்டதில்லை, ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதுமில்லை.

பார்சலை விட்டுவிடலாம் என்றேன். அப்பா அதற்குத்தான் வாய் திறந்தார். “வராம இருந்தா பயந்துட்டான்னு நெனைப்பாங்க. போயிட்டு வந்துரு.”

“தனியா போவ வேணாம்,” என்றார் அம்மா. “நானும் வாறேன்.”

மறுநாளே கிராம சேவகரிடம் போய்க் கடிதம் வாங்கினார். இந்த வீட்டில் இருப்பவர்கள் இன்னார், நன்னடத்தை உள்ளவர்கள் என்று சிங்களத்தில் எழுதிய கடிதம். அதோடு தகரப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கினார். தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், அப்பா அம்மாவின் கல்யாணப் பதிவு, என் பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, அம்மா வேலை செய்யும் தோட்டத்துச் சம்பளத் துண்டுகூட. ஒரு விமானப் பொம்மைக்குத் தாத்தா எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் எந்த அரசாங்க ஆபீசுக்குப் போனாலும், இந்த நாட்டில் இருக்கலாம் என்ற தாளிலிருந்துதான் ஆரம்பிப்போம்.

கொழும்பு பஸ்ஸில், கினிகத்தேனை மலை வளைவுகளில் அம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். கோப்பை மடியிலிருந்து இறக்கவில்லை. நான் என்ன சொல்வது என்று சிங்களத்தில் வாக்கியம் வாக்கியமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். இருபத்தாறு வயது ஆண் தனக்காகப் பொம்மை விமானம் வாங்கினான் என்பது எந்த மொழியிலும் நம்பும்படியாக இல்லை. தம்பிக்கு வாங்கினேன் என்பது நன்றாகப் பொருந்தியது.

கொழும்பில், சுங்கக் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மையார். அவர் பெட்டியைக் கத்தியால் கீறித் திறந்து, துண்டுகள் கோத்திருந்த பிளாஸ்டிக் சட்டத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். இறக்கை, சக்கரம், அப்புறம் வரிசையாக ஆறு குண்டு. ஒவ்வொன்றும் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. இது என்ன, யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டார்.

தம்பிக்கு என்றேன்.

அதே நேரம் அம்மா கோப்பைத் திறந்து எல்லாத் தாளையும் கவுண்டரில் பரப்பிவிட்டார். கிராம சேவகர் கடிதம் மேலே இருந்தது. அம்மையார் அதை எடுத்து நிதானமாகப் படித்தார். அதில் மூன்றே பேர். அப்பா, அம்மா, ஒரே பிள்ளையான நான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எந்தத் தம்பி என்று கேட்கவில்லை. என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். போட்டோகொப்பி இயந்திரத்தின் சத்தம் கேட்டது. எனக்கு என்று சொல்லியிருந்தால் வரி மட்டும்தான். பொய் சொல்லிப் பிடிபட்டவனுக்கு என்ன? பொலிஸ் அறிக்கையில் எந்த வரியில் இது வரும்? 

அவர் திரும்பி வந்ததும் அம்மா பேசினார். கடையில் சாமான் வாங்கக் கற்ற சிங்களம் அது, அரைகுறை. சொன்னது இவ்வளவுதான்: இவனுக்குத் தம்பி இல்லை. இது இவனுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வான். குடிக்க மாட்டான். சொல்லிவிட்டு என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளில் காய்ந்த பசையைக் காட்டினார். சின்னப் பிள்ளைகளின் நகத்தைப் பார்க்க வாத்தியாரிடம் நீட்டுவது போல.

அம்மையார் விரல்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் தாளில் எதையோ நீளமாக எழுதினார். அது வரிக் கணக்கு. தாமதமான நாட்களுக்கான கட்டணம் கீழே தனியாக இருந்தது. தாத்தாவின் சான்றிதழை மட்டும் அவர் இரண்டு கையாலும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார், இதைப் பத்திரமாக வையுங்கள், வெளியே கொண்டு திரியாதீர்கள் என்றார்.

காசைக் கட்டிவிட்டுப் பெட்டியோடு வெளியே வந்தோம். என் பயம் வெளியே வரவில்லை. அந்தப் போட்டோகொப்பி யாருக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கும் தைரியம் இருந்திருந்தால் அந்தப் பொய்யே வந்திருக்காது.

திரும்பும் பஸ்ஸில், அவிசாவளை தாண்டியதும், எவ்வளவு ஆச்சு என்று அம்மா கேட்டார். இன்னும் கூட்டவில்லை என்றேன்.

“வேல கெடைக்காமப் போச்சுன்னா அதையும் சேத்துக் கூட்டு,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த பதினொரு வாரம் தோட்டத்து ரோட்டில் எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன். பெட்டியை அலுமாரிக்கு மேலே, பழைய போர்வைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். ஒரு துண்டைக்கூட வெட்டவில்லை. பொலிஸ்காரர் ஒருவர் உண்மையாகவே லயத்துக்கு வந்து, இங்கே எத்தனை வருடம், வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார். பார்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததையும் நான் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நியமனக் கடிதம் பெரட்டில்தான் வந்தது. கணக்கப்பிள்ளை அதையும் சத்தமாகப் படித்தாராம். அன்று மாலைதான் உட்கார்ந்து கூட்டினேன். வேலை போகவில்லை, ஆகவே அதைச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. கிட், தபால் கூலி, வரி, தாமதக் கட்டணம், இரண்டு பேர் போக வர பஸ், மத்தியானச் சாப்பாடு, கொழும்பு போனதால் அம்மாவுக்குப் பேர் விழாமல் போன ஒரு நாள் சம்பளம்: இருபதாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.