கதையில் பெய்த மழை

ஈப்போ பழைய டவுனில் ஆண்டுதோறும் நடக்கும் இலக்கிய விழாவுக்கு ஒருமுறை அம்மாவை அழைத்திருந்தார்கள். ஞாயிறு பத்திரிகையில் வந்த அவளுடைய கதையை யாரோ படித்துவிட்டு, தமிழ் அமர்வில் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற அம்மாவுக்கு உட்கார்ந்து எழுத எப்போது நேரம் கிடைத்தது என்பதே எங்களுக்குத் தெரியாது. அப்பா அந்தக் கதையைப் படிக்கவில்லை. பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி அவர் போனதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊரான பத்து காஜாவிலிருந்து பழைய காரில் புறப்பட்டோம். இரவெல்லாம் ஒரு பேரங்காடியில் காவல் வேலை பார்த்துவிட்டு வந்த அப்பா, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார். அம்மா தீபாவளிச் சேலை கட்டியிருந்தாள். காரில் ஏர்கோன் வேலை செய்யாது. ஜன்னலைத் திறந்தால் தலை கலையும், மூடினால் வியர்க்கும். அம்மா வியர்வையைத் தேர்ந்தெடுத்தாள். கூடவே நாங்களும் வியர்த்தோம்.

காலையில் என்று சொன்ன அமர்வு மதியத்துக்குப் போனது. மதியத்திலிருந்து மாலைக்குப் போனது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த ஒரு பெண் அவ்வப்போது வந்து, “கொஞ்ச நேரம் லா அக்கா, அந்த ரூம்பு இன்னும் காலியாவல” என்பாள். “பரவால்லமா” என்பாள் அம்மா. இலக்கியம் என்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அப்பா வாயைத் திறந்தபடி தூங்கினார்.

ஒருவழியாக ஒரு பழைய கடைவீட்டின் மாடி அறைக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். வந்தவர்கள் எல்லாம் காப்பி குடிக்கக் கலைந்திருந்தார்கள். அட்டை போட்ட பெண், ஓய்வுபெற்ற ஆசிரியர்போலத் தெரிந்த ஒருவர், அவர் மனைவி, ஒலிபெருக்கி வயரைச் சுருட்டக் காத்திருந்த ஒருவர், பிறகு நாங்கள். அவ்வளவுதான் கூட்டம்.

அம்மா வாசித்தாள். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம். காய்ச்சல் கண்ட கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறாள். லாரி பிடித்து வருகிறேன் என்று போன கணவனை நெடுநேரமாகக் காணவில்லை. பெருமழை, பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடுகிறது. அவன் அந்தப் பக்கம் நின்று தவிக்கிறான். இந்தப் பக்கம், மடியில் இருக்கிற குழந்தை அழுகையை நிறுத்துகிறது.

அந்த இடம் வந்தபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. இருந்த கொஞ்சம் பேரில் ஒருவர் குறைந்துவிட்டாரே என்று அம்மாவுக்காக வருத்தப்பட்டேன். அம்மா நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். பிறகு அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தபடி கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.

“நேர்ல பாத்த மாதிரியே எழுதியிருக்கீங்க அக்கா” என்றாள் அட்டை போட்ட பெண். அம்மா சிரித்துவைத்தாள். ஒரு துணிப்பை கொடுத்தார்கள்.

அப்பா கீழே காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

“ஏன்பா எந்திரிச்சுப் போய்ட்டீங்க?”

“உள்ள ஒரே சூடு” என்றார்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கியிருந்த பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சமிக்ஞை விளக்கில் வண்டி நின்றபோது, ரோட்டைப் பார்த்தபடியே அப்பா சொன்னார்.

“அன்னிக்கு மழ இல்ல.”

“தெரியும்” என்றாள் அம்மா.

விளக்கு பச்சையானது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அப்பா வண்டியை எடுக்கவில்லை.

“கதையிலயாவது பெஞ்சிட்டுப் போவட்டும். போலாம், எனக்குக் காலு வலிக்குது” என்றாள் அம்மா.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து, தவழுமுன்பே போய்விட்டான் என்பதைச் சின்னம்மா சொன்னபோது நான் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். லாரி தேடிப் போன அப்பா ஏன் நேரத்துக்குத் திரும்பவில்லை என்று கேட்டேன். அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அன்றைக்கு, பின் இருக்கையில் பாதித் தூக்கத்தில் இருந்த எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: அம்மா கதையில் ஒரு தப்புச் செய்துவிட்டாள், பாதியில் எழுந்து போயிருந்தாலும் அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.