மூன்றாவது மாடி அம்மிக்கல்

பாதுகாப்பைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறவரை எந்த வீட்டிலும் உட்காரச் சொல்வதில்லை. கொசு மருந்து அடிக்க வருகிறவர்களே, கணக்கெடுப்புக்கு அலையும் ஆசிரியர்களே, இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளே, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும். நாம் கதவைத் தட்டினால் ஜன்னல்தான் திறக்கும்.

நான் வேலை பார்ப்பது புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம் போகும் சாலையில், குளத்துக்கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்காக அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில். தரைத்தளம், அதற்கு மேல் மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு தொண்டு நிறுவனம் என்னை அங்கே போட்டிருக்கிறது. சிலிண்டர் டியூப்பில் வெடிப்பு இருக்கிறதா, வயர் தொங்குகிறதா, படிக்கட்டு காலியாக இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும். குடியிருப்பவர்களைக் கூட்டி வைத்து நல்லது கெட்டது பேச வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் "சேஃப்டி மேடம் வருது" என்ற சத்தம் எனக்கு முன்னால் மாடி ஏறிவிடும்.

வாசனை

முதல் மாடியில் சரசுவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கில் ஏறியது. கேஸ். அதோடு கலந்து மல்லிகை ஊதுபத்தி. உள்ளே எட்டிப் பார்த்தால், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கிறது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. சரசு சிரித்த முகமாக, "வாங்க மேடம், இருட்டா இருக்குல்ல" என்று லைட் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

நான் போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றது. ஊதுபத்தியைப் பழத்தோடு பிடுங்கித் தண்ணீர்க் குடத்தில் முக்கினேன். ரெகுலேட்டரை மூடினேன், ஜன்னலைத் திறந்தேன், சரசுவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். எத்தனை நேரமாக இந்த வாடை என்று கேட்டேன். காலையிலிருந்தே என்றாள். பிறகு ஏனம்மா பத்தி கொளுத்தினாய் என்று கேட்டதற்கு, அவளுக்கு என் மேல்தான் வருத்தம்.

"நீங்க வர்ற நேரத்துல வீடு நாறக் கூடாதுன்னுதான் மேடம் பொருத்துனேன், நல்லதுக்குக் காலமில்ல!"

வெடிக்காத பொருள்

மூன்றாவது மாடிப் படிக்கட்டு முடியும் இடத்தில் ஓர் அம்மிக்கல் கிடந்தது. அதன் சொந்தக்காரி ராக்கம்மா. கோட்டைப்பட்டினத்திலிருந்து வண்டியில் வரும் மீனை விடியற்காலையில் எடுத்து, மதியம் வரை தெருத் தெருவாக விற்றுவிட்டு வருகிறவர். குரல் மீன் விற்றே பழகியது. மெதுவாகப் பேசத் தெரியாது. படிக்கட்டில் எதுவும் இருக்கக்கூடாது, தீ என்றால் ஜனம் இருட்டில் இடறி விழும் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் வைத்து அரைத்தால் கீழ் வீட்டுக்காரி தலையில் இடி இறங்குவதாகச் சண்டைக்கு வருகிறாளாம். மிக்சியில் அரைக்கலாமே என்றேன். மீன் குழம்புக்கு மிக்சியா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆள் வைத்துத் தூக்கிக் கீழே போட்டுவிடுவேன்" என்று ஒருநாள் மிரட்டியும் பார்த்தேன். அவர் குழவியை நிறுத்தவே இல்லை. மிளகாய் நெடியில் எனக்குத்தான் தும்மல் வந்தது. அரைத்த மசாலாவை வழித்தெடுத்துக்கொண்டே சொன்னார்:

"மேடம், சிலிண்டரு வெடிக்கும், வயரு எரியும். அம்மி வெடிச்சு எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

பூட்டுக்கு இந்தப் பக்கம்

ராக்கம்மா வீட்டுக்கு எதிர்க் கதவில் பகலெல்லாம் பூட்டு தொங்கும். ஆள் இல்லை என்று நினைத்து நானும் சில வாரம் கடந்து போயிருக்கிறேன். ஒருநாள் உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. வராந்தா ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால், கட்டிலில் ஒரு வாலிபர் படுத்திருந்தார். முத்தையா. கொத்தனார். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செத்துவிட்டது. குலுக்கலில் வீடு ஒதுக்கியபோது அவருக்கு விழுந்தது மூன்றாவது மாடி. மனைவி பாண்டிச்செல்வி ஜவுளிக்கடை வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.

உள்ளே ஒரு மனிதர், வெளியே பூட்டு, நடுவில் நான். தரைத்தளத்தில் யாராவது வீடு மாற்றிக்கொள்வார்களா என்று கேட்டு அலைந்தேன்; ஒருவரும் மேலே வரத் தயாரில்லை. வீடு ஒதுக்கிய ஆபீஸில் கேட்டால், "பாக்கலாம்" என்றார்கள். வேறு வழி தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பாடத்தை அவருக்கு நடத்தினேன். புகை மேலே ஏறும், நல்ல காற்று தரையை ஒட்டி நிற்கும். கட்டிலிலிருந்து இறங்கி, ஈரத்துணியை மூக்கில் வைத்து, தலையைத் தாழ்த்தி ஊர்ந்து போக வேண்டும். முத்தையா மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"குனிஞ்சு போறதெல்லாம் சரிங்க மேடம். போயி? பூட்டு அங்கிட்டுல்ல கெடக்கு."

வெள்ளிக்கிழமை

பாண்டிச்செல்வியைப் பிடிப்பது கஷ்டம். அவள் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் படிக்கட்டில் மறித்துக்கொண்டேன். கட்டின புருஷனை இப்படிப் பூட்டிவைத்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. திறந்து போட்டிருந்த காலத்தில் ஒருவன் சிலிண்டர் மாற்ற வந்ததாகச் சொல்லி உள்ளே வந்திருக்கிறான். "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று முத்தையாவிடமே விசாரித்துவிட்டு, அடுப்போடு இருந்த சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். பிறகுதான் அவன் ஏஜென்சி ஆளே இல்லை என்று தெரிந்ததாம். "அன்னிக்கு ராத்திரி பூரா அவரு அழுதாரு மேடம், கண்ணு முன்னாடி போவுது, எந்திரிக்க முடியலேன்னு" என்றாள்.

அப்படியானால் இன்னொரு சாவியையாவது எதிர்வீட்டில் கொடுத்து வை என்றேன். அங்கேதான் பேச்சுவார்த்தை இல்லை. மீன்கூடை கழுவிய தண்ணீர் இவள் வாசலுக்குள் வந்ததிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை. நான் விடவில்லை; கெஞ்சினேன், திட்டினேன், மறுபடியும் கெஞ்சினேன். கடைசியில் அவள் மனம் இறங்கி, மாற்றுச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்தாள். ராக்கம்மா மீன் விற்கப் போயிருந்தார். என்னிடம் கொடு, அவர் வந்ததும் நான் கொடுக்கிறேன் என்று கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கிழமை ஞாபகம் வந்துவிட்டது. திறந்திருந்த கதவு வழியே, சாமி அலமாரியில் அவள் ஏற்றி வைத்த விளக்கு தெரிந்தது. விளக்கு தானாக மலையேற வேண்டுமாம். காற்றில் அணைந்தால் ஆகாதாம். அதற்காக ஃபேனும் போடவில்லை. எரிகிற விளக்கை விட்டுவிட்டுப் போகாதே என்றதையும் அவள் காதில் வாங்கவில்லை. கதவைச் சாத்தினாள், பூட்டினாள், சாவியை மறுபடியும் இடுப்பில் செருகினாள்.

"வெள்ளிக்கெழம வீட்டுச் சாவிய வெளிய குடுத்தா லெச்சுமி அதோடயே போயிரும் மேடம். திங்கக்கெழம தாரேன், அதுக்குள்ள என்ன ஆயிரப் போவுது?"

செயல்விளக்கம்

அன்று பிற்பகல் கீழே முற்றத்தில் கூட்டம் வைத்திருந்தேன். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் ஈரச்சாக்கைப் போட்டு மூடுவது எப்படி என்று செய்து காட்ட வேண்டும். நம் ஜனம் தீயைப் பார்க்க வராது, சுண்டலுக்கு வரும் என்பதால் ஒரு சட்டி சுண்டலுக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். நல்ல கூட்டம். அம்மி விஷயத்தில் என் மேல் கோபமாக இருந்த ராக்கம்மா மட்டும் வரவில்லை. வியாபாரம் முடிந்து வந்து மேலே தூங்கிக்கொண்டிருந்தார்.

சட்டியில் தீயை மூட்டிச் சாக்கைப் போட்டேன். தீ அடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது. ஆனால் கைதட்டல் நின்ற பிறகும் சிலர் தலையை உயர்த்தி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரசுவின் வீட்டுக்காரர் மாரிமுத்து லோடு ஏற்றுகிறவர். வாயில் சுண்டலோடு என்னைப் பாராட்டினார்.

"சூப்பர் மேடம்! மேல மூணாவது மாடியில கூடப் பொகை விட்டிருக்கீங்களே!"

மேலே

ஓடினேன். கையில் சாக்கு, சொட்டச் சொட்ட. மெயின் சுவிட்சை இறக்குங்கள், தீயணைப்பு வண்டிக்குப் போன் பண்ணுங்கள், பாண்டிச்செல்வியைக் கூப்பிடுங்கள் என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. ஜவுளிக்கடையிலிருந்து அவள் வந்து சேர ஆட்டோவில் வந்தாலும் நேரமாகும். இரண்டு சாவியும் அவள் இடுப்பில். முதல் மாடித் திருப்பத்தில் யாருடைய சைக்கிளோ என் புடவையைப் பிடித்து இழுத்தது. கிழித்துக்கொண்டு ஏறினேன். முத்தையாவின் சிரிப்புதான் கண்முன் நின்றது. இரண்டாவது மாடியில் மேலேயிருந்து சத்தம் கேட்டது. டங்... டங்... டங். கல் இரும்பில் மோதும் சத்தம்.

ராக்கம்மா. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, அம்மிக்குழவியை இரண்டு கையாலும் ஓங்கி, பூட்டின் மேல் போட்டுக்கொண்டிருந்தார். கதவின் மேல் இடுக்கிலிருந்து கரும்புகை வழிந்தது. "தம்பி, முத்தையா, கொரல் குடுய்யா!" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கூப்பாடு. உள்ளேயிருந்து பதில் இல்லை. என் பின்னால் ஏறி வந்த மாரிமுத்து குழவியை வாங்கப் பார்த்தார், ராக்கம்மா விடவில்லை. அடுத்த அடியில் பூட்டு பூட்டாகவே இருக்க, கொண்டி ஆணியோடு பிய்ந்து வந்து விழுந்தது.

சாமி அலமாரியும் பக்கத்தில் கொடியில் கிடந்த துணிகளும் எரிந்துகொண்டிருந்தன. விளக்குத் திரியை எலி இழுத்துப் போயிருக்கிறது. கருகிய திரி துணிக்கு அடியில் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தோம். நான் சாக்கோடு தவழ்ந்து உள்ளே போய்த் தீயின் மேல் போட்டேன். பின்னால் வந்தவர்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். கட்டில் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. ராக்கம்மாதான் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார். வாசற்படிக்கு அந்தப் பக்கம் தலை, இந்தப் பக்கம் கால்; ஈரத்தரையில் கன்னத்தை ஒட்டி, துண்டை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு முத்தையா கிடந்தார். போர்வையில் போட்டு நான்கு பேர் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். காற்றில் கிடத்தியதும் இருமினார், இருமிக்கொண்டே இருந்தார், பிறகு கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். நான் அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் ஓவென்று அழுதேன்.

"மேடம், குனிஞ்சுதான் இருந்தேன்."

அடுத்த வெள்ளி

முத்தையா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். தரைத்தளத்தில் வீடு மாற்றித் தர ஆபீஸில் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாரிமுத்துவும் நானும் வாரம் தவறாமல் போய் அவர்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வருகிறோம். பாண்டிச்செல்வி கதவுக்குப் புதுக் கொண்டி போட்டாள். விளக்கு ஏற்றினால் அது அடங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

தீப்பிடித்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் மூன்றாவது மாடி ஏறியபோது ராக்கம்மா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு வெளியே வந்தாள். இடுப்பிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து, "அக்கா, இந்தாங்க, வச்சுக்கங்க" என்று நீட்டினாள். இன்றைக்கு வெள்ளி ஆயிற்றே என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். "லெச்சுமி இந்த வீட்லதான மேடம் இருக்கு" என்று எதிர்வீட்டைக் காட்டினாள். ராக்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டார். சாவியை வாங்கவில்லை. மசாலாக் கையால் குழவியைத் தட்டிக் காட்டினார்.

"சாவிய நீயே வச்சுக்கத்தா. அவசரத்துக்கு எங்கிட்ட இது இருக்கு."

படிக்கட்டில் எந்தப் பொருளும் இருக்கக்கூடாது என்று இப்போதும் வீடு வீடாகக் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன், மூன்றாவது மாடிக்கு மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறேன்.